ஆட்டுத்தலைக்கு உரியவன்

ஆட்டுத்தலையை வாட்டிக்கொண்டிருந்த மக்சுத்துக்கு அது தனக்காகத்தான் வாடுகிறது என்று தெரியாது. தெரிந்திருந்தால் வேனுக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு அப்போதே கம்பி நீட்டியிருப்பான். நழுவுவதில் அவன் கைதேர்ந்தவன். ஊருக்கு ஊர் வேன் ஓட்டுகிறவனுக்கு அது தொழிலோடு வந்த குணம் என்று நினைக்கலாம். இல்லை, அவனுக்கு அது தொழிலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

மாமனார் சார்செனின் வீட்டு முற்றத்தில் தீ நன்றாகப் பிடித்திருந்தது. கம்பியில் செருகிய தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். மயிர் பொசுங்கும் வாடை தெருமுனை வரை போயிற்று. கறுத்த பிறகு கத்தியால் சுரண்டினான், சுடுநீர் ஊற்றினான், மறுபடி சுரண்டினான். தோல் வெளுத்துப் பொன்னிறமாக வந்தது. ஐந்து வயது மகன் தைமாஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டே பக்கத்தை விட்டு நகரவில்லை.

மைத்துனன் எர்டென் விறகோடு வந்தான். "மச்சான், காதுக்குள்ள நல்லா சுரண்டு. போன தடவ நான் முடியோட போட்டுட்டேன்னு எங்கம்மா இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது."

"நீ தலை வாட்டுனா தலைக்கே வெக்கமா இருக்கும்டா," என்றான் மக்சுத்.

"ஆமா ஆமா. சொந்த வீடு கட்டிட்டா வாய் நீளத்தான் செய்யும்."

அதற்குத்தான் விருந்தே. ஆறு வருடம் வாடகை அறையில் கிடந்துவிட்டு, மக்சுத் மூன்று அறையும் தகரக் கூரையுமாக ஒரு வீடு கட்டிக் குடிபோயிருந்தான். மகள் ரௌஷானுக்குச் சொந்த வீடு வந்துவிட்டதே என்று சார்சென் மந்தையில் கொழுத்த கிடாயாகப் பார்த்துப் பிடித்து அறுத்திருந்தார்.

உள்ளே பெரிய இரும்புக் கொப்பரையில் கறி கொதித்தது. மாமியார் நுரையை எடுத்து எடுத்துக் கொட்டினாள். ரௌஷான் மாவைத் தேய்த்து அகலம் அகலமாக வெட்டிப் போட்டாள். கறி வெந்தபின் அந்தச் சாற்றிலேயே மாவை வேகவைத்து, மேலே கறியையும் வெங்காயத்தையும் பரப்ப வேண்டும். அதில் கஷ்டம் ஒன்றுமில்லை. கஷ்டமெல்லாம் எந்த எலும்பு யாருக்கு என்பதில்தான். இடுப்பெலும்பு பெரியவர்களுக்கு, தலை முதல் மரியாதைக்காரருக்கு, நெஞ்சுக்கறி மருமகனுக்கு. இடம் மாறிப் போனால், வாங்கியவன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, மறுவருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டான்.

ஆறு வருடமாக இந்த வீட்டில் மக்சுத்துக்கு வந்தது நெஞ்சுக்கறிதான். கொழுப்பும் குருத்தெலும்புமாக அது அவன் முன்னால் வந்து விழும்போதெல்லாம் அவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. நெஞ்சுக்கறி வருகிறவரைக்கும் தலை வராது.

தலையைக் கண்டு அவன் நடுங்கியதற்குக் காரணம் இருந்தது. அப்பா உயிரோடு இருக்கிறவன் விருந்தில் தலையை வெட்டக் கூடாது. நாற்பது வயதானாலும் சரி, மந்திரியே ஆனாலும் சரி, தட்டு தன் பக்கம் வந்தால் "எனக்கு அப்பா இருக்கார்" என்று சொல்லித் திருப்பிவிட வேண்டும். சொல்லாமல் கத்தியை எடுத்தால் அப்பனின் ஆயுளைத் தின்றவன் என்று பெயர். குடிகாரன்கூட, கடவுளை நம்பாதவன்கூட, இந்த ஒன்றில் மட்டும் விளையாட மாட்டான்.

மக்சுத்தின் அப்பா ஓரின்பாய் உயிரோடு இருந்தார். அரைநாள் வண்டி ஓட்டினால் வருகிற ஒரு ரயில் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், யாரோ ஒருவருடைய ஆட்டுப்பட்டியைக் காத்துக்கொண்டு இருந்தார். ஆனால் இந்த வீட்டில் அவர் செத்து ஆறு வருடமாகிவிட்டது.

பெண் கேட்க வந்த அன்று நடந்தது அது. அப்பா எங்கே என்று சார்சென் இயல்பாகத்தான் கேட்டார். கூட வந்திருந்த தாய்மாமன் வாயைத் திறப்பதற்குள் மக்சுத் சொல்லிவிட்டான், நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே தவறிவிட்டார் என்று. வாய் கூசவில்லை. என்ன நோய் என்று மாமியார் கேட்டதற்குக் கல்லீரல் என்று நோயும் சொன்னான். உடனே அந்த வீட்டார் அத்தனை பேரும் கைகளை ஏந்தி, போன ஆன்மாவுக்காக ஓதி, உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். மக்சுத்தும் தடவிக்கொண்டான். தாய்மாமன் தரையைப் பார்த்தபடி, அவனைவிட அரை நொடி தாமதமாகத் தடவிக்கொண்டார்.

உண்மையைச் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. குதிரை திருடி ஜெயிலுக்குப் போனவனின் மகனுக்கு, மந்தை வைத்திருக்கிற எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? அம்மா செத்த நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு ஒரு குதிரை அறுக்க வேண்டியிருந்தது. அப்பாவிடம் குதிரை இல்லை. அடுத்த ஊர்க்காரனின் பெட்டைக்குதிரை ஒன்று வந்தது, அறுபட்டது, ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. நல்ல கறி என்று சொல்லிவிட்டுப் போனவர்களே பிறகு போலீசில் சாட்சி சொன்னார்கள். இதற்கு முன்னாலும் ஓரின்பாய் திருடியிருக்கிறான், இப்போதுதான் மாட்டினான் என்றும் சொன்னார்கள். அது நிஜமா பொய்யா என்று மக்சுத் ஒருநாளும் அப்பாவிடம் கேட்டதில்லை. அந்தக் கறியை அவனும் சாப்பிட்டான். பதினைந்து வயதில், பசியோடு, இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான்.

வருடத்துக்கு ஒருமுறை வாடகைச் சவாரி என்று ரௌஷானிடம் சொல்லிவிட்டு அப்பாவைப் போய்ப் பார்ப்பான். தேயிலை, சர்க்கரை, புகையிலை கொடுப்பான். செல்போனில் தைமாஸின் படத்தைக் காட்டுவான். கிழவர் போனைக் கையில் வாங்கமாட்டார், கீறிவிடும் என்று பயம். குனிந்து பார்த்துவிட்டு, "காது நம்ம வீட்டுக் காதுடா," என்பார். வீட்டுக்குக் கூப்பிடு என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கேட்காததுதான் மக்சுத்தைக் குடைந்தது.

இதைவிடக் கொடுமை வெள்ளிக்கிழமைகள். செத்தவர்கள் பேரில் எண்ணெயில் ரொட்டி சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது வழக்கம். ரௌஷான் பார்த்தறியாத மாமனாருக்காக ஒரு வெள்ளி தவறாமல் சுட்டாள். முதல் ரொட்டியை மக்சுத்திடம் நீட்டி, "உங்கப்பா பேரைச் சொல்லிச் சாப்பிடுங்க," என்பாள். அவனும் சாப்பிடுவான். அந்த ரொட்டி எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ, கேட்டால் அவனுக்கே தெரியாது.

மதியம் எல்லோரும் தாழ்ந்த வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சார்சென் நடுவில். அவருக்கு வலப்பக்கம் பக்கத்துவீட்டுப் பெரியவர் ஒருவர். மக்சுத் வழக்கம்போல வாசல் பக்கமாக ஒதுங்கப் பார்த்தான். சார்சென் தன் இடப்பக்கத்து மெத்தையைத் தட்டினார். "மாப்ள, இங்க வா. இன்னிக்கு உன் விருந்து."

மாமியார் தலையைத் தனித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். சார்சென் அதை வாங்கினார். பெரியவர் பக்கம் திருப்பவில்லை. தன் முன்னாலும் வைக்கவில்லை. மூக்கு மக்சுத்தைப் பார்க்கும்படி திருப்பி, அவன் முன்னால் வைத்தார். கத்தியைப் பிடிப் பக்கமாக நீட்டினார்.

மக்சுத் கத்தியை வாங்காமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "மாமா, பெரியவங்க இருக்கும்போது நான் எப்படி... தாத்தாவுக்கு வைங்க."

"எனக்குப் பல்லே இல்லய்யா, தலைய வச்சு நான் என்ன பண்ண?" என்றார் பெரியவர். "உம் மாமனார் வந்து சொல்லிட்டாரு. வீடு கட்டுனவன் வெட்டட்டும்."

"மருமகனுக்கு நெஞ்சுக்கறிதானே மாமா. அத்தை கோவிச்சுக்குவாங்க."

"அதுவும் தர்றேன், ரெண்டையும் தின்னு," என்றாள் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள்.

எர்டென் எட்டித் தலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "குடுத்து வச்சவன்யா நீ. எங்கப்பா இருக்கற இருப்புக்கு, எனக்கு அறுபது வயசானாலும் இதைத் தொட முடியாது. நானும் வாட்டி வாட்டி ஊருக்குக் குடுக்க வேண்டியதுதான்."

"என்னை எப்படா அனுப்பலாம்னு பாக்குறியா?" என்றார் சார்சென். சிரிப்பு பெரிதாயிற்று. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மருமகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள. உனக்கு வெட்டத் தடை ஒண்ணும் இல்லையே?"

கேள்வி மெதுவாகத்தான் வந்தது. அதற்கு ஒரே ஒரு பதில் போதும். எனக்கு அப்பா இருக்கார் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அந்த ஒரு வரியின் பின்னால் என்னவெல்லாம் வரும் என்று மக்சுத்துக்குத் தெரிந்தது. ரௌஷான் சுட்ட ரொட்டிகள் வரும், இவர்கள் ஏந்திய கைகள் வரும், ஜெயில் வரும், அம்மாவின் நாற்பதாம் நாள் வரும். எதிரில் ரௌஷான் கையில் சூப்புக் கிண்ணத்தோடு நின்று, தன் புருஷனுக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து முகமெல்லாம் பூரித்திருந்தாள்.

"இல்ல மாமா," என்றான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. தடை இல்லையே?"

"இல்ல மாமா. என்ன தடை?"

சார்சென் தலையை ஆட்டினார். கத்தி மக்சுத்தின் கைக்கு வந்தது. வலது கன்னத்தில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டான். நன்றாக வெந்திருந்தது. தானே வாட்டிய தலை, கொழுப்பும் புகைவாடையுமாக நாக்கில் கரைந்தது. ருசியாக இருந்தது என்பதுதான் அவனால் தன்னை மன்னிக்க முடியாத விஷயம். பிறகு வழக்கப்படி வலது காதை அறுத்து வீட்டின் சின்னப் பிள்ளைக்குக் கொடுத்தான். தைமாஸ் அதை வாயில் திணித்துக்கொண்டு, "நறுக்குநறுக்குன்னு இருக்குப்பா!" என்றான்.

மக்சுத் கன்னத்தில் இன்னொரு துண்டு வெட்டி இரண்டு கையாலும் மாமனாருக்கு நீட்டினான். சார்சென் வாங்கவில்லை.

"பல்லு வலிக்குது," என்றார். எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது ரௌஷான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். "எங்கப்பா யாருக்குமே அப்படித் தலைய எடுத்து வச்சதில்ல, தெரியுமா? இந்த வெள்ளிக்கிழமை நிறைய ரொட்டி சுடப்போறேன். உங்க மகன் தலை வெட்டுற ஆளாயிட்டார்னு உங்கப்பாகிட்டச் சொல்லிச் சுடப்போறேன்." மக்சுத் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். பல்லிடுக்கில் சிக்கிய கறி நாரை நாக்கால் துழாவிக்கொண்டே இருந்தான், அது வரவில்லை.

இரவு முழுவதும் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இதெல்லாம் பழங்காலத்துப் பேச்சு, ஆட்டின் கன்னத்துக்கும் மனுஷனின் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம் என்று தனக்குத்தானே வாதாடினான். வாதத்தில் ஜெயித்தும்விட்டான். ஆனாலும் விடிவதற்குள் எழுந்து, திங்கட்கிழமைச் சவாரி என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தான். அப்பா மூச்சோடு இருக்கிறாரா என்று ஒருதரம் பார்த்துவிட்டால் போதும். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தோன்றவில்லை.

தார்ச்சாலை முடிந்து மண்பாதை வந்தது. போனில் சிக்னல் போயிற்று. பட்டியை நெருங்கியபோது கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். பாதை ஓரத்தில் ஓர் ஆள் நின்றிருந்தார். அப்பாதான். இரண்டு காலில் நின்றார். உயிரோடு நின்றார். மக்சுத்துக்கு ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்து அழலாம் போலிருந்தது.

பக்கத்தில் போன பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. கிழவர் கோட்டுப் போட்டிருந்தார், தூசி தட்டின கோட்டு. பூட்சுக்குப் பாலிஷ் போட்டிருந்தார். முகம் மழித்திருந்தது. காலடியில் ஒரு பை, அதன்மேல் புதுத் துணியில் சுற்றிய ஒரு மூட்டை.

"வந்துட்டியாடா!" கிழவர் வேன் கதவை அவன் திறப்பதற்கு முன்பே திறந்தார். "நேத்துச் சாயங்காலத்துலேர்ந்து இங்கதான் நிக்கிறேன். ராத்திரிதான் உள்ள போய்ப் படுத்தேன். பட்டிக்காரர்கிட்டச் சொல்லிட்டேன், வேற ஆள் வந்தாச்சு."

"எதுக்குப்பா?"

"எதுக்கா? நல்லாக் கேட்ட போ! உங்க மாமனார் சொன்னாருடா. ஞாயித்துக்கிழமை விருந்து, தலைய எடுத்து அவன் முன்னாடி வப்பேன், அவன் கத்தியத் தொடமாட்டான், அப்பா இருக்காருன்னு அவன் வாயாலேயே சொல்லுவான், அப்புறம் அவனே வந்து உங்களக் கூட்டிக்கிட்டு வருவான்னு."

மக்சுத் வேன் கதவைப் பிடித்துக்கொண்டான். "மாமா இங்க வந்தாரா?"

"வந்தாரே. போன மாசம். உன் தாய்மாமன் சந்தையில குடிச்சுட்டு உளறியிருக்கான். நேரா இங்க வந்துட்டாரு மனுஷன். நான் முதல்ல ஒத்துக்கவே இல்லடா. எனக்குப் புள்ளையே கிடையாது, ஆள் மாறி வந்துட்டீங்கன்னு சாதிச்சேன். அப்புறம் போனை எடுத்துப் பேரன் படத்தக் காட்டிட்டாரு." கிழவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "நான் என்ன பண்ணுவேன், கண்ணு காட்டிக்குடுத்துடுச்சு."

"திட்டினாரா?"

"என்னையா? ராத்திரி என்கூடவே தங்கிட்டுப் போனாருடா. அம்மா சாப்பாட்டுக்கு நான் எடுத்த அந்தக் குதிரை விஷயம்கூடச் சொன்னேன். முழுக்கக் கேட்டாரு. அப்புறம், 'சம்பந்தி, குதிரைக்கு நீங்க ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டீங்க, அது முடிஞ்சுது'ன்னுட்டாரு. உன் பேர்லதான் வருத்தம். ஆனா நான் அவர்கிட்ட அடிச்சுச் சொன்னேன். எம் புள்ள பயந்தாங்கொள்ளி, பொய் சொல்லுவான், எல்லாம் உண்டு. ஆனா நான் இருக்கும்போது தலையில கத்தி வைக்க மாட்டான். 'எனக்கும் அந்த நம்பிக்கைதான்'னாரு." மூட்டையைக் காலால் தொட்டுக் காட்டினார். "தைமாசுக்கு ஒரு தோல் தொப்பி தைச்சேன். அளவு தெரியல, கண்ணாலேயே எடுத்தேன். சரி, சொல்லு. வச்சாரா தலைய?"

"வச்சாரு."

"என்ன சொல்லித் தள்ளுன?"

கிழவரின் முகத்தில் அத்தனை ஆவல். கதை கேட்கும் பிள்ளையைப் போலக் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். மக்சுத் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். நினைத்தான் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் அந்தப் பொய்யோடு மாமனார் வீட்டு வாசலில் போய் இறங்க முடியாது.

"வெட்டிட்டேன்ப்பா."

பட்டிக்குள் ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கத்தின. ஓரின்பாய் தன் பூட்சைப் பார்த்தார். பிறகு வேனின் சக்கரத்தைப் பார்த்தார்.

"கேட்டாரா, தடை இருக்கான்னு?"

"கேட்டாரு. ரெண்டு தடவை."

"ம்." கிழவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "கன்னத்துல எடுத்துச் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"நல்லா வெந்திருந்துச்சா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டார். அதுதான் மக்சுத்தை உடைத்தது. "அப்பா, என்னை அடிச்சுடுங்கப்பா," என்றான்.

"போடா. அடிக்கிற வயசா உனக்கு." கிழவர் குனிந்து பையை எடுத்தார். "நான் வரல. நீ கிளம்பு."

"அப்பா..."

"யோசிச்சுப் பாரு. நேத்துத் தலை வெட்டிட்டு, இன்னிக்கு அப்பன கொண்டுபோய் நிறுத்தினா உன்னை ஊர்ல என்ன பேசுவாங்க? உம் பொண்டாட்டி மூஞ்சிய எப்படிப் பாப்ப? உம் புள்ள நாளைக்கு உன்னை எப்படிப் பாப்பான்? உங்க மாமனார் பெரிய மனுஷன், வெளிய சொல்லமாட்டாரு. நான் இப்படியே இருந்துக்கறேன். எனக்கு என்ன குறைச்சல் இங்க?"

அப்பா வரவில்லை என்று சொன்ன அந்தக் கணத்தில் மக்சுத்தின் நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதி. கட்டிய வீடு நின்றது, ரௌஷான் நின்றாள், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. அப்பாடா என்று மூச்சு தானாக வெளியே வந்தது. அடுத்த கணமே தன்னைக் கண்டு அவனுக்குக் குமட்டியது. ஆனால் முதலில் வந்தது முதலில் வந்ததுதான். ஆடுமாடு குதிரையோடு ஆயுளைக் கழித்த கிழவருக்கு, வாய் பேசாத ஒன்றின் முகத்தைப் படிக்கத் தெரியும். அவர் மகனின் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் ஆடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தொப்பிய மட்டும் எடுத்துட்டுப் போ. சந்தையில வாங்குனேன்னு சொல்லு."

மக்சுத் மூட்டையை வாங்கிக்கொண்டான். வேனில் ஏறினான். கிளம்பியும்விட்டான். கண்ணாடியில் அப்பா சின்னதாகிக்கொண்டே போனார். வண்டியை நிறுத்து, நிறுத்து என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. கால் என்னவோ ஆக்சிலரேட்டரை விட்டு வரவில்லை.

தார்ச்சாலையில் ஏறியதும் போன் அடித்தது. ரௌஷான்.

"எங்க இருக்கீங்க?"

"சவாரியில..."

"எங்கப்பா காலையில வந்து எல்லாம் சொல்லிட்டாரு." அவள் குரல் கம்மியிருந்தது, அழுது முடித்த குரல். "ஆறு வருஷமா உயிரோட இருக்கற மனுஷனுக்குச் செத்தவங்க ரொட்டி சுட்டிருக்கேன். நானே என் கையால. ஒரு வெள்ளிக்கிழமைகூட உங்களுக்கு வாய் வரலையா? திருடுன மாமனார்னா எனக்கு என்ன? நான் என்ன அவர்கிட்ட குதிரையா வாங்கப்போறேன்? நேத்து அந்தத் தலைய..." மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "மாமாவைக் கூட்டிட்டு வாங்க. அவர் இல்லாம நீங்க இந்த வீட்டுக்குள்ள வராதீங்க. நான் சொல்றது புரியுதா?" என்றாள். வைத்துவிட்டாள்.

மக்சுத் வேனைத் திருப்பினான்.

ஓரின்பாய் பாதை ஓரத்தில்தான் இன்னும் நின்றிருந்தார். பை காலடியில் இருந்தது. உள்ளே போகவில்லை. வேன் வந்து நின்றதும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது, உடனே அதை அடக்கிக்கொண்டார்.

"என்னடா, ஏதாவது மறந்துட்டியா?"

"இல்லப்பா. உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

கிழவர் வேனுக்கு அருகில் வந்து ஜன்னலில் கை வைத்தார். "நீயாத் திரும்புனியா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். இங்கே சாட்சி ஆடுகள்தான். அந்த ஒரு சொல்லில் நேற்றைய கத்தியைக்கூட அவர் மறந்துவிடுவார். இனி எத்தனை நாள் இருக்கிறாரோ அத்தனை நாளும் என் மகன் பாதிவழியில் திரும்பி வந்தான் என்று நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவார். ஆமாம் என்ற சொல் மக்சுத்தின் நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லப்பா," என்றான். "ரௌஷான் போன் பண்ணுனா. அவ கூப்பிடலன்னா நான் போயிருப்பேன்."

ஓரின்பாய் கையை ஜன்னலிலிருந்து எடுத்தார்.

"அப்ப அந்தப் பொண்ணைப் பாக்கத்தான் வர்றேன்," என்றார். "உன்கூட வர்றேன்னு நினைச்சுக்காத."

பையை எடுத்துக்கொண்டு முன்கதவைத் தாண்டி நடந்தார். பின்கதவைத் திறந்து, கூலி கொடுத்து வருகிற சவாரியைப் போலக் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தார். மக்சுத் கண்ணாடியில் பார்த்தான். அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். வீடு வந்து சேரும்வரை அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.